மாடி வீட்டுப் பஞ்சபாண்டவர்

தனி ஆளாக இருந்துகொண்டே கூட்டுக் குடும்பம் நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், நான் குடியிருந்த வீட்டின் மாடியில் இருந்தார். தெருவில் அவருக்குப் பஞ்சபாண்டவர் என்று பெயர். ஒற்றை ஆளுக்கு ஐந்து பேர் பெயரை வைப்பது நியாயமா என்று கேட்பீர்கள். முழுக்கதையும் கேட்டால் ஐந்து குறைச்சல் என்பீர்கள். அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் இருந்தது. மீட்டர் பார்க்க வருபவர் தவிர வேறு யாரும் அதை உபயோகித்து நான் கேட்டதில்லை.

ஆள் ஆறடி. அதற்கேற்ற அகலம். மீசையை முறுக்கிவிட்டால் பக்கத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நிற்கும். தென்காசிப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஆரியசாலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. இத்தனை விவரமும் புரோக்கர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவே மாட்டார்.

வீட்டுக்கார மாமி வாடகைக்கு விடும் முன் ஒரு நேர்முகத் தேர்வு வைப்பாள். எனக்கு நடந்ததில் நான் இரண்டு இடத்தில் உளறி, மூன்றாவது நாள்தான் சாவி கிடைத்தது. அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ராத்திரி லேட்டா வருவேளோ?"

இல்லை என்று தலையாட்டினார்.

"மாம்சம் மீனெல்லாம் சமைக்கப்படாது, கேட்டேளா."

மாட்டேன் என்று கை கூப்பினார்.

"எத்தனை பேர்?"

ஒரு விரலைக் காட்டினார். அந்த ஒற்றை விரல் மாமிக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைத் தலைக்கணக்குப் போட்டு நிம்மதியாக மூச்சுவிட்டாள். "இத்தனை அடக்கமா ஒரு மனுஷனை நான் கண்டதில்லையாக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை சாயங்காலம் வரை நீடித்தது. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் மாடியில் பாட்டு ஆரம்பித்தது. ரேடியோ இல்லை, மனிதக் குரல்கள். ஒரு கனமான ஆண்குரல், அதற்கு மேல் இன்னொரு ஆண், இரண்டு பெண்கள், எல்லாவற்றுக்கும் மேலே கீச்சென்று ஒன்று. ஐந்து பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள், ஒன்றாக மூச்சு வாங்கினார்கள், சரணத்துக்கு முன்னால் ஒன்றாக இருமினார்கள். எனக்கு அந்த இருமலில்தான் சந்தேகம் தட்டியது. ஐந்து ஸ்வரத்தில் சுதி சேர்ந்து ஒரு குடும்பம் இருமி நான் கேட்டதே இல்லை.

மாமி என் கதவைத் தட்டினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"ஒருத்தர்னு சொல்லித்தானே வந்தார்? மேலே அஞ்சு பேர் பாடிண்டிருக்கா. அஞ்சு பேர் குளிச்சா டாங்க் என்னத்துக்கு ஆகும்?"

"விருந்தாளிகளா இருக்கும் மாமி."

"மாடிப்படியில ஒரே ஒரு ஜோடி செருப்பு. மத்தவா செருப்பைக் கையில தூக்கிண்டு போயிருக்கா. இது திட்டம்போட்ட வேலை. நீ போய்ப் பாரு."

சும்மா போனால் மரியாதையில்லை என்று ஒரு கிண்ணத்தில் சக்கப்பிரதமனைக் கொடுத்தனுப்பினாள். துப்பறியப் போகிறவன் கையில் பலாப்பழப் பாயசம். கதவைத் திறந்த அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வழிவிட்டார். நான் நாசூக்காகச் சுற்றிலும் பார்த்தேன். பிறகு நாசூக்கை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். குளியலறைக் கதவைத் தள்ளினேன். அவர் என் பின்னாலேயே கிண்ணத்துடன் வந்தார், கோபமே இல்லை. கடைசியில் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மேஜை நீளத்துக்கு எலெக்ட்ரானிக் கீபோர்டு, பக்கத்தில் ஸ்பீக்கர், ஸ்டாண்டில் மைக்.

அவர் உட்கார்ந்து மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். இடது கை கீழ்க்கட்டை ஒன்றை அழுத்தியது. ஸ்பீக்கரிலிருந்து, கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"வாங்க சார். என்ன தேடுதீங்க?"

கடைசி 'தீங்க'வுக்கு விரல் பக்கத்துக் கட்டைக்குத் தாவியது. அவர் கேள்வி கேட்கும் முறை அது. சாதாரணப் பேச்சு என்றால் ஒரே கட்டை. கேள்வி என்றால் முடிவில் ஒரு கட்டை மேலே. வருத்தம் தெரிவிக்க வேண்டுமானால் இரண்டு கட்டை கீழே இறங்கி, அழுத்தின விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கமாட்டார். இதையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அந்த நாளில் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை. யாரும் படிக்காத கையேடுகளை எழுதுவேன். அவருடைய மேஜையில் அந்தக் கீபோர்டின் கையேடு பிரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த மனிதரை வாழ்க்கையில் முதல்தடவையாக நேரில் பார்த்தேன். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் எல்லாவற்றையும் செய்து காட்டினார். மைக்கில் நாம் பாடினால் அந்த ஒரு குரலை மிஷின் எடுத்துக்கொண்டு கூடவே இன்னும் நாலு குரல்களை உண்டாக்கும். நாலும் எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்பதை இடது கை பிடிக்கும் கார்டு, அதாவது சேர்ந்தாற்போல் அழுத்தும் மூன்று நாலு கட்டைகள், சொல்லும். கார்டு தப்பினால் நாலு பேரும் ஒரு பக்கம் போய்விடுவார்கள், பாடுகிறவர் அனாதையாக நிற்பார். கூட்டுக் குடும்பத்தில் இது சகஜம்தான். ஆண் கோஷ்டி வேண்டுமா, பெண் கோஷ்டி வேண்டுமா, டூயட்டா, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான். மைக்குக்கு ஒரு சின்ன விளக்கு.

"பச்சை எரிஞ்சா சரியாப் பேசுதோம். ஆரஞ்சு வந்தா கொஞ்சம் கூடுதல். சிவப்பு எரிஞ்சா கத்துதோம்னு அர்த்தம்."

இப்படி ஒரு விளக்கை எங்கள் மேனேஜர் நெற்றியில் பொருத்த முடியுமா என்று யோசித்தேன்.

"நீங்க பேசிப் பாருங்க சார்" என்று மைக்கை நீட்டினார். நான் "மைக் டெஸ்டிங்" என்றேன். பள்ளிக்கூடத்துச் சிறுமிகள் ஐந்து பேர் பிரார்த்தனைக்கு நின்றுகொண்டு "மைக் டெஸ்டிங்" என்றார்கள். கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது: "ஐயோ, அங்கே பெண்குட்டிகளும் உண்டோ?"

அவளே மேலே வந்தாள். விளக்கினால் நம்பவில்லை. மைக்கைக் கையில் கொடுத்தோம். "ஹலோ" என்றாள். ஐந்து மாமிகள் ஹலோ சொன்னார்கள். மாமி மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கே என்னைப் பார்த்தால் பயமா இருக்கு. ஆள் ஒண்ணு, சாரீரம் அஞ்சு. பஞ்சபாண்டவரையன்னோ குடிவெச்சிருக்கேன்!"

அன்றைக்கு வைத்த பெயர்தான். மறுநாள் பால்காரர் வாயில் ஏறி, வாரக் கடைசியில் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பாடுவதற்கு மிஷின், சரி. பேசுவதற்கு எதற்கு? மாடியில் மிஷினோடு பேசுகிறவர் தெருவில் இறங்கினால் ஊமை. கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவார். ஆட்டோக்காரரிடம் இடத்தை எழுதிக் காட்டுவார். சிலர் மௌன விரதம் என்றார்கள். சிலர் தலைக்கனம் என்றார்கள். எனக்கு அதை அறிந்துகொள்ளாமல் தூக்கம் வராத அளவுக்கு ஆவல். ஆனால் கேட்க வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் தண்ணீர் விவகாரம். தெரு அசோசியேஷன் செயலாளர் அந்தக் கிணற்றுக் குரலை எப்படியோ கேட்டுவிட்டார். குழாய் வேலை நடக்கப்போகிறது, இரண்டு நாள் தண்ணீர் வராது, இதைத் தெருவுக்கு அறிவிக்க இதைவிடக் கம்பீரமான குரல் கிடைக்குமா? பஞ்சபாண்டவரும் ஒப்புக்கொண்டு கீபோர்டை வாசலில் மேஜை போட்டு வைத்தார். முதல் நாள் பாடிய கோஷ்டிப் பொத்தானை அணைக்க மறந்துவிட்டார். பழக்க தோஷத்தில் இடது கை கார்டு பிடித்தது, கூடவே தாளமும் ஓடத் தொடங்கியது.

"நாளைக்கும் மறுநாளும் தண்ணீர் வராது" என்பதை ஐந்து பேர் சேர்ந்து, ஆனந்தம் பொங்க, தாளத்தோடு சொல்லிக் கேட்டால் எப்படியிருக்கும்? தெருவே வாசலுக்கு வந்தது. இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணை மூடி ரசித்துத் தொடையில் தாளம் போட்டார். ஒரு வீட்டிலும் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்கவில்லை.

மறுநாள் காலையில் மாமி காலிக் குழாயடியில் நின்று சொன்னாள்: "தண்ணி வராதுங்கறதை யாராவது இத்தனை சந்தோஷமாப் பாடுவாளோ?"

அவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, பக்கத்துத் தெருக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். முதலில் வயதானவர்கள் வீடு, பிறகு குழந்தைகள் இருக்கும் வீடு. சாயங்காலம் தோள்பட்டை கன்றிப்போயிருந்தது. மாமி தேங்காயெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தலைக்கனம் என்று யாரும் சொல்லவில்லை.

என் கேள்விக்கு விடை ஆரியசாலையில் கிடைத்தது. ஊரிலிருந்து அம்மா லாரியில் போட்டனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி அவர்கள் ஆபீஸுக்கு வந்திருந்தது. எடுக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து நாற்காலியைக் காட்டினார். அப்போது மேஜைமேல் போன் அடித்தது. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்: "காதுல என்ன பஞ்சாடே வச்சிருக்க? எடுடே!"

எடுத்தார். "ஹலோ" என்றார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரோ ஒரு பெண் உள்ளே வந்து ஹலோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். மெல்லிய, உச்சஸ்தாயியில் கணீரென்ற குரல். அந்த மீசைக்குக் கீழேயிருந்து வந்தது.

போனில் எதிராளி அவரை அக்காவாக்கி, லோடு வந்துவிட்டதா என்று போட்ட சத்தம் எனக்கே கேட்டது: "சேச்சி, தேங்ஙா லோடு எத்தியோ?"

"எத்தி சேட்டா" என்று சொல்லிவிட்டு வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

ரோட்டோரம் டீ குடிக்கும்போது, லாரிகளின் சத்தத்துக்கு நடுவே, அவர் என்னோடு முதல்முறையாகச் சொந்தக் குரலில் பேசினார்.

"இதான் சார் விஷயம். உடம்பு வளந்துது, இது மட்டும் வளரல. பொண்ணு வீட்டுலேருந்து போன் வரும். நான் ஹலோம்பேன். 'மாப்பிள்ளைகிட்ட கொஞ்சம் குடும்மா'ம்பாங்க. நான்தான் மாப்பிள்ளைன்னு சொன்னா ஒரு நிமிஷம் பேச்சு இருக்காது. அப்புறம் வச்சுருவாங்க. பெறவு அந்த நம்பரே எடுக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. டீயைக் குடித்துச் சமாளித்தேன்.

"வயசு நாப்பதுக்கு வந்தாச்சு சார். சாப்பிடுகப்போ எதுத்தாப்புல ஒரு ஆளு இருந்தாப் போரும். அதுக்குத்தான் அந்த மிஷினு. போன்ல மட்டும் தாண்டிட்டா மத்தது நடந்துரும்லா?"

ஆக, ஊர் சிரித்த அந்தக் கூட்டுக் குடும்பம் முழுக்க ஒரு கல்யாணத்துக்கான ஒத்திகை.

வரனும் வந்தது. பெண் பெயர் கோமதி. அவர்களும் தென்காசிப் பக்கம்தான். தம்பிக்குக் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, அங்கே ஒரு வாடகை ஃபிளாட்டில் அக்காவும் தம்பியுமாக இருந்தார்கள். கோமதிக்கு நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசும் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குரல்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய்க் குரல் விஷயத்தில் வித்தை காட்டுவதா?

முதல் போனுக்கு நான் கூட இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தால் கையைக் காட்ட வேண்டும், அதுதான் என் வேலை. செல்போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு, கீபோர்டின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். மைக்கை உதட்டில் பதித்து, கீழ்க்கட்டையை அழுத்தி, "ஹலோ, நல்லாருக்கீங்களா?" என்றார். கேள்விக்கு ஒரு கட்டை மேலே. கச்சிதம். நடுவில் முழங்கை பட்டுத் தாளம் ஓட ஆரம்பித்தது. "பக்கத்து வீட்டுல கல்யாணம்" என்று தாளத்திலேயே சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் மரியாதையாகக் கீழேயே இருந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் மாடியிலிருந்து அந்தக் கிணற்றுக் குரலின் முணுமுணுப்பு வரும். நடுநடுவே ஒரு மெல்லிய சிரிப்பு. மாமி காதைத் தீட்டிக்கொண்டு சொல்வாள்: "இப்போல்லாம் மேலே ரெண்டு பேர்தான் போல இருக்கு."

"நேர்ல பார்க்கும்போது என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் திட்டம் வைத்திருந்தார்.

"கல்யாணம் வரைக்கும் இதை வச்சு ஓட்டிருவேன் சார். அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒரு கட்டையா மெள்ள மெள்ள ஏத்திக்கிட்டே வந்து, அவங்களுக்கே தெரியாம என் குரல்ல கொண்டு நிறுத்திருவேன்."

இப்படி ஒரு திட்டம் தோன்ற வேண்டுமென்றால் அந்தக் கையேட்டை எத்தனை தடவை படித்திருக்க வேண்டும்!

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மாடிப்படியில் வெளிறிய முகத்தோடு இறங்கி வந்தார். கோமதி கறாராகச் சொல்லியிருக்கிறாள்: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், உங்கள் வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது.

"நான் ஒத்தைன்னு முதல்லயே சொல்லியாச்சே சார்?"

பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்று நாசூக்காகச் சொல்கிறாள் என்று நாங்கள் முடிவுகட்டினோம். மாமி அம்மா ஸ்தானம். நான் அண்ணன் ஸ்தானம். அவரைவிட எனக்குப் பத்து வயது குறைவு என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

"மிஷினை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க, நேர்ல பேசிடலாம்" என்றேன்.

"முதல் வார்த்தையிலேயே முடிஞ்சுரும் சார்" என்றார். அவர் கண்ணைப் பார்த்த பிறகு எனக்கு மேலே பேச மனசு வரவில்லை.

ஆட்டோவில் போனோம். மூன்று பேர் மடியிலும் குறுக்காகக் கீபோர்டு. இரண்டு முனையும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பைபாஸில் எங்களைத் தாண்டிய ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மாமி ஒரு தடவை பகவானைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரும் தாம்பூலத் தட்டும் என் காலடியில்.

பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாடச் சொல்வது நம் வழக்கம். மாப்பிள்ளை வாத்தியத்தோடு வந்து இறங்கியதைப் பார்த்துக் கோமதியின் தம்பி அசந்துபோனான். "அடிபொளி! நீங்க ஆர்ட்டிஸ்டா சார்?" என்று ஓடி ஓடி உதவி செய்தான். ஹாலில் இருந்தது ஒரே ஒரு பிளக். அதில் ஃப்ரிட்ஜ் இருந்தது. ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளையைச் செருகினோம்.

கோமதி டீயும், நேந்திரம்பழத்தில் போட்ட பழம்பொரியும் கொண்டுவந்தாள். நெடுநெடுவென்று, கண்ணில் ஒரு கூர்மையோடு இருந்தாள். மாப்பிள்ளையை அவள் பார்க்கவேயில்லை. எங்களை எண்ணினாள்.

"இவ்வளவு பேர்தானா?"

"இவ்வளவுதான் குழந்தே" என்றாள் மாமி.

"மாமி, நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

மாமியை இதுவரை பேச்சை நிறுத்தச் சொன்னவர்கள்தான் உண்டு. பேசச் சொல்லி ஒருவர் கேட்டது இதுவே முதல்முறை. ஸ்ரீவராகத்துக் குளத்தில் ஆரம்பித்து மூட்டுவலி வழியாக மேல்நிலைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தாள். கோமதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு உறுதியாகத் தலையை அசைத்தாள்.

"இது இல்ல."

எது இல்லை? நாங்கள் விழித்தோம். அவள் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினாள். "பயணமெல்லாம் சுகந்தானா?"

அவர் கட்டையை அழுத்தினார். "சௌக்கியம். வழியில டிராஃபிக் கொஞ்சம் கூடுதல்."

கோமதி துள்ளி எழுந்தாள். "இந்தா! இப்பக்கூடப் பேசினா!"

ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். தம்பி பயந்துவிட்டான். "அக்கா, எந்தா இது?"

"நீ சும்மா இருடே. இதைக் கேக்கத்தான் வரச் சொன்னேன்." அவரிடம் வந்து நின்றாள். "தினம் நீங்க போன்ல பேசுகப்போ பக்கத்துல ஒரு பொம்பளை இருக்கா. நீங்க சொல்லுத வார்த்தையை அவளும் அப்படியே கூடச் சொல்லுதா. நீங்க நிறுத்தினா நிறுத்துதா. அவ சொல்லிக்குடுத்துத்தான் நீங்க பேசுதீங்களா? வாரவன் போறவன் போனையெல்லாம் எடுக்கவ நான். ஒரு ஆளு பேசுதா, ரெண்டு ஆளு பேசுதான்னு எனக்குத் தெரியாதா? யாரு அவ?"

எனக்குச் சுரீரென்று உறைத்தது. செல்போன் இருந்தது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் அவர் வாயும் இருந்தது. மிஷின் மாற்றிக் கொடுத்த குரலோடு அவருடைய சொந்தக் குரலும் நேராகப் போனுக்குள் போயிருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையும், அத்தனை நாளும். கையேட்டில் மைக்கைப் பற்றி எல்லாம் இருந்தது, வாயைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவர் நிலைமை இருதலைக் கொள்ளி எறும்பு. பேசாமல் இருந்தால் வீட்டில் யாரோ ஒரு பெண்ணை ஒளித்து வைத்திருக்கும் அயோக்கியன். பேசினாலோ, ஒரு நிமிஷ மௌனம், அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்காது. அவர் என்னைப் பார்த்தார். நான் பழம்பொரியைப் பார்த்தேன்.

அந்தக் கீபோர்டின் ஓரத்தில் ஒரு பொத்தான்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். பழுது என்று நினைத்திருந்தேன். பாடுகிறவர்கள் பாட்டுக்கு நடுவில் சபையோரிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமானால் அதை அழுத்துவார்கள். மிஷின் தன் ஜாலத்தையெல்லாம் நிறுத்திவிட்டு, பேசுகிறவர் குரலை உள்ளது உள்ளபடி வெளியே விடும். தப்பித்தவறிக்கூட விரல் படக் கூடாது என்று அதைத்தான் அவர் டேப் போட்டு மூடியிருந்தார். இப்போது அந்த டேப்பை நகத்தால் கீறி எடுத்தார். பொத்தானை அழுத்தினார்.

"அது நான்தான்" என்றார்.

கணீரென்ற அந்தக் குரல் ஸ்பீக்கரில் இன்னும் துல்லியமாக வந்தது. ஃப்ரிட்ஜும் ஓடாததால் அறையில் அப்படி ஒரு நிசப்தம். தம்பி ஒரு தடவை சிரித்தான். கோமதி பார்த்த பார்வையில் டீ புரையேறி, இருமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

கோமதியும் மெள்ள உட்கார்ந்தாள். "அப்போ அந்த ஆம்பளை யாரு?"

"அது மிஷின்."

"ஆஸ்பத்திரி லிஃப்டுல நான் மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னேன்லா, அப்போ சிரிச்சது?"

"நான்தான். மிஷின்ல சிரிச்சா ராட்சசன் மாதிரி இருக்கும். சிரிப்பு வந்தா மட்டும் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்குவேன்."

மாமியின் உதடு ஏதோ ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

"அந்த ஆம்பளையை எனக்குப் பிடிக்கவே இல்ல" என்றாள் கோமதி. "நான் என்ன கதை சொன்னாலும் 'அப்படியா'ம்பாரு, பஸ் ஸ்டாண்டுல அனௌன்ஸ்மெண்ட் போடுதாப்புல. பக்கத்துல அவதான் விழுந்து விழுந்து சிரிப்பா. யாரு இவள்னு எனக்கு வயித்தெரிச்சல். ஆனா மறுநாளும் ஏதாவது ஒரு கதையைத் தேடி வச்சுக்கிட்டுத்தான் போன் எடுப்பேன். அவளைச் சிரிக்க வைக்கணும்லா."

அவர் தலை குனிந்திருந்தது. கோமதி தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், அந்த மிஷின் ஒயரைக் கழட்டு. ஃப்ரிட்ஜைப் போடு. பாலு கெட்டுரும்."

அதுதான் சம்மதம் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. மாமிக்கு உடனே புரிந்துவிட்டது. தாம்பூலத் தட்டை எடுத்து நீட்டினாள்.

கிளம்பும்போது கோமதி ஒரு நிபந்தனை போட்டாள். கல்யாணம் வரைக்கும் கீபோர்டு அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். "இல்லேன்னா அந்த ஆளு மறுபடி போன்ல வந்துருவாரு." அவர் ஸ்டாண்டைக்கூடத் தானே மடக்கிச் சுவர் ஓரமாக வைத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் தாராளமாக இடமிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். சொந்தக் குரலில், ஓட்டுநர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், மூச்சு விடாமல். கோமதி எப்படி நின்றாள், எப்படிப் பார்த்தாள் என்பதில் தொடங்கி, அங்கிருந்து தாவித் தன் அம்மாவிடம் போய், சிற்றாற்றில் முதன்முதலாக நீச்சலடித்த கதைக்குள் இறங்கிவிட்டார். நாற்பது வருஷத்துப் பேச்சு பாக்கியிருந்தது அவருக்கு. மாமி ஒரு ஓரமாகச் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

ஜங்ஷனில் ஓட்டுநர் திரும்பி என்னைக் கேட்டார்: "பைபாஸ் வழி போவாம் அல்லே?"

"வேண்டா சேட்டா, ஸ்ரீகார்யம் வழி போயால் மதி. மெல்லெ மதி" என்று சுற்றுவழியில் மெதுவாகப் போகச் சொன்னேன்.

பைபாஸில் போனால் ஸ்ரீவராகம் சீக்கிரம் வந்துவிடும். தன் கதையில் அவர் இன்னும் மூன்றாம் வகுப்பில்தான் இருந்தார்.